பிராசஸருக்கு ஏற்ற ரேம்

ஒரு கம்ப்யூட்டரின் பிராசஸருக்கு அதைச் செய்த ஸ்தாபனம் ஒரு வேகத்தை நிர்ணயித்து அனுப்புகிறது. பனி பொழியும் தேசத்திலும் வெயில் கொளுத்தும் தேசத்திலும், காற்றோட்டம் குறைந்த பெட்டியிலும், விலை மலிந்த மின்விசிறியின் கீழும் அது பல வருஷங்கள் பிழையின்றி உழைக்க வேண்டும் என்பதை உத்தேசித்து நிர்ணயித்த வேகம் அது. ஆகையால் சிப்பின் பூரண சக்திக்கும் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணுக்கும் நடுவே, சிப்புக்குச் சிப்பு வித்தியாசப்படும் ஓர் இடைவெளி எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. அந்த இடைவெளியைச் சொந்தப் பொறுப்பில், சொந்தச் சிரத்தையினால் உபயோகப்படுத்திக்கொள்ளும் முயற்சிக்குத்தான் ஓவர்கிளாக்கிங் என்று பெயர்.

இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பிராசஸரை முதலில் தீர்மானித்துவிட்டு, மிச்சமுள்ள பணத்துக்கு எந்த ரேம் கிடைக்கிறதோ அதை வாங்குகிறார்கள். கொஞ்சம் வசதி படைத்தவர்களோ, கடையில் இருப்பவற்றுள் மிகப் பெரிய எண் எதன்மேல் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டும் பிசகு என்பது என் திடமான அபிப்பிராயம். பிராசஸரையும் ரேமையும் சேர்த்து ஒரே தீர்மானமாகத்தான் எடுக்க வேண்டும். ஏனென்றால், இரண்டும் எந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு ஓடுகின்றன என்பதில்தான் பயனும் விரயமும் அடங்கியிருக்கின்றன.

குவார்ட்ஸ் ஸ்படிகத்தின் அதிர்வை ஆதாரமாகக் கொண்டு மதர்போர்டில் ஓர் அடிப்படைத் துடிப்பு உண்டாகிறது. பிராசஸர் அந்தத் துடிப்பைக் குறிப்பிட்ட ஓர் எண்ணால் பெருக்கித் தன் வேகமாக்கிக்கொள்கிறது. அந்த எண்ணுக்கு மல்டிப்ளையர் என்று பெயர். அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் 45 என்றால் பிராசஸரின் வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். ரேமுக்கும் ஒரு துடிப்பு உண்டு. ரேமுக்கும் பிராசஸரின் கணக்கிடும் பகுதிக்கும் நடுவே நின்று தகவலை வாங்கிக் கொடுக்கும் மெமரி கண்ட்ரோலருக்கும் ஒரு துடிப்பு உண்டு. இவை ஒன்றோடொன்று இசைந்து ஓடினால் தகவல் தடையின்றிக் கடந்து செல்கிறது. இசையாமல் ஓடினாலோ, ஜங்ஷனில் இறங்கி இணைப்பு ரயிலுக்கு மாற வேண்டிய பிரயாணி, இரண்டு வண்டிகளின் நேர அட்டவணையும் பொருந்தாதபோது பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பது போல, ஒவ்வொரு தகவலும் அடுத்த துடிப்பு வரும் வரையில் காத்து நிற்க நேரிடுகிறது. அந்தக் காத்திருப்பு ஒவ்வொன்றும் மிக அற்பமானதே. ஆனால் விநாடிதோறும் கோடிக்கணக்கில் நிகழும் காரியத்தில் அற்பம் என்று எதையும் தள்ளிவிட இயலாது.

இந்த உண்மை சாதாரண ஜனங்களின் கைக்கு வந்தது 1998-ஆம் வருஷம் ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவான பிராசஸரினால் என்று சொல்லலாம். அதன் மல்டிப்ளையர் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. அது எதிர்பார்த்த அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். ஆனால் அதே வருஷம் புழக்கத்துக்கு வந்திருந்த 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள மதர்போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடியவை. அப்படிப்பட்ட போர்டில் துடிப்பை 100-க்கு உயர்த்தினால், 300 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் எந்தப் பூட்டையும் உடைக்காமலேயே 450 மெகாஹெர்ட்ஸில் ஓடிற்று. துடிப்பைத் தானே கண்டறிந்து நிர்ணயித்துவிடும் போர்டு வைத்திருந்தவர்கள், பிராசஸர் அட்டையின் விளிம்பிலுள்ள பி21 என்ற இணைப்பு முனையின் மேல் மெல்லிய டேப்பை ஒட்டியோ நகப்பூச்சைத் தடவியோ மறைத்து, இது 100 மெகாஹெர்ட்ஸ் ஜாதியைச் சேர்ந்தது என்று போர்டை நம்பச் செய்தார்கள். அந்தச் செலரானில், அடிக்கடி வேண்டிய தகவலை அருகிலேயே வைத்துக்கொள்ளும் கேஷ் 128 கிலோபைட்தான் என்றாலும், அது பிராசஸரின் முழு வேகத்தில் ஓடிற்று. பன்மடங்கு விலை உயர்ந்த பென்டியம் 2-இன் 512 கிலோபைட் கேஷ் பாதி வேகத்தில்தான் ஓடிற்று. ஆகவே பல உபயோகங்களில் ஏழைப் பிராசஸர் பணக்காரப் பிராசஸருக்குச் சமானமாக நின்றது. ஆயினும் இந்த அற்புதத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அந்தப் போர்டுகளில் ரேமும் அதே அடிப்படைத் துடிப்பில் ஓடியாக வேண்டும். ஆதலால் 100 மெகாஹெர்ட்ஸுக்கென்று செய்த பிசி100 ரேம் வைத்திருந்தவர்களுக்கே பிராசஸரின் மிச்ச சக்தி பிரயோஜனப்பட்டது. பழைய 66 மெகாஹெர்ட்ஸ் ரேமைக் கொண்டு முயன்றவர்கள், தடுமாறியது பிராசஸர்தான் என்று அதன்மேல் பழி போட ஏது உண்டாயிற்று.

ஜோடி பார்க்கும் கணக்கு மிகத் தெளிவாக விளங்குவது 2006-ஆம் வருஷம் வந்த கோர் 2 டுயோ பிராசஸர்களில். இ6300 என்பதன் மல்டிப்ளையர் 7. இ6600 என்பதன் மல்டிப்ளையர் 9. இரண்டுக்கும் அடிப்படைத் துடிப்பு 266 மெகாஹெர்ட்ஸ். ஆகையால் முன்னது 1.86, பின்னது 2.4 கிகாஹெர்ட்ஸ். இரண்டையும் 3 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 9 மல்டிப்ளையர் உள்ளதற்கு 333 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு போதும். டிடிஆர் என்ற வகை ரேம் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு தடவை தகவலைத் தருவதால், அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண் உண்மையான துடிப்பைப் போல் இரு மடங்கு. எனவே 333-க்குச் சாமானியமான டிடிஆர்2-667 ரேமே சரியாகப் பொருந்திவிடுகிறது. மல்டிப்ளையர் 7 உள்ளதற்கோ அதே வேகத்துக்கு ஏறத்தாழ 429 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு தேவை. அந்தத் துடிப்புக்கு டிடிஆர்2-800 ரேமும் போதாது, அதையும் அளவு மீறி ஓட்டியாக வேண்டும், அல்லது அதிக விலை கொடுத்து டிடிஆர்2-1066 வாங்கியாக வேண்டும். மதர்போர்டின் சிப்செட்டும் 429-ஐத் தாங்குகிறதாக இருக்க வேண்டும். இப்படியாகப் பிராசஸரில் மிச்சம் பிடித்த பணம் ரேமிலும் போர்டிலும் கரைந்துபோயிற்று. அடுத்த ஜனவரியில் இ4300 என்ற ஒன்று வெளிவந்தது. அதன் துடிப்பு 200, மல்டிப்ளையர் 9, வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ்தான். அட்டவணையில் இ6300-க்கும் கீழே எழுதப்பட்ட அந்தப் பிராசஸர், சாதாரண டிடிஆர்2-667 ரேமோடு சேர்ந்து 333-ஐ 9-ஆல் பெருக்கி 3 கிகாஹெர்ட்ஸை எட்டக்கூடியதாக இருந்தது. பிராசஸரின் எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு இது புலப்படவில்லை; ஜோடியாகக் கணக்குப் பார்த்தவர்களுக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அமைப்பே மாறிவிட்டது. இன்டெலின் போட்டி ஸ்தாபனமான ஏஎம்டி 2003-இல் அத்லான் 64 பிராசஸரிலும், இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7 பிராசஸரிலும் மெமரி கண்ட்ரோலரை மதர்போர்டிலிருந்து எடுத்துப் பிராசஸருக்குள்ளேயே வைத்தன. 2011-இல் வந்த இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் வகையில் அடிப்படைத் துடிப்பு இதர பாகங்களின் கடிகாரத்தோடும் பிணைக்கப்பட்டுவிட்டதனால், அதை நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் உயர்த்துவது அபூர்வமாயிற்று. வேகத்தைக் கூட்ட விரும்புகிறவர்கள், பெயரின் இறுதியில் 'கே' என்ற எழுத்தைத் தாங்கிய, மல்டிப்ளையர் பூட்டப்படாத பிராசஸரை வாங்க வேண்டியதாயிற்று. இதனால் ரேம் வேறு, பிராசஸர் வேறு என்ற எண்ணம் பலருக்கு உண்டாயிற்று. உண்மையில் பந்தம் முன்னிலும் நெருக்கமாயிற்று என்றே சொல்ல வேண்டும். ரேம் எத்தனை வேகம் ஓடும் என்பது இப்போது ரேமை மட்டுமன்றி, அவரவருக்கு வாய்த்த பிராசஸருக்குள் இருக்கும் கண்ட்ரோலரின் தரத்தையும் பொறுத்த விஷயம்.

இதற்கு ஏஎம்டியின் ரைசன் வம்சமே தக்க உதாரணம். 2017 முதல் வரும் அந்தப் பிராசஸர்களில், உட்பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற பாதை, ரேமின் துடிப்போடு சம்பந்தப்படுத்தப்பட்டிருந்தது. 2019-இல் வந்த ரைசன் 3000 வரிசையில் அந்தப் பாதை 1800 மெகாஹெர்ட்ஸ் வரையில் ஏறக்குறைய எல்லாச் சிப்புகளிலும் ஓடிற்று. 1900-ஐ எட்டியவை சில. 1800 என்பது டிடிஆர்4-3600 ரேமின் உண்மையான துடிப்பு. ஆகவே 3600 ரேமைப் போட்டால் ரேம், கண்ட்ரோலர், பாதை மூன்றும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்து ஓடின. பெரிய எண்ணை நம்பி 4000 ரேம் வாங்கியவர்களுக்கோ, கண்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிக்கொண்டதனால், முதல் தகவல் வந்து சேரத் தாமதம் அதிகரித்தது. கொடுத்த கூடுதல் விலைக்குக் கிடைத்த பலன் குறைந்த வேகம். 2022-இல் தொடங்கிய ரைசன் 7000 வரிசையில் டிடிஆர்5 ரேம் வந்தது. பாதையின் துடிப்பு இப்போது தனியே 2000 அளவில் நிற்கிறது. ஆயினும் கண்ட்ரோலரும் ரேமும் சேர்ந்து 3000 மெகாஹெர்ட்ஸில், அதாவது டிடிஆர்5-6000 என்ற அளவில், பெரும்பாலான சிப்புகளில் சிரமமின்றி ஓடுகின்றன. 6400-இல் இசைந்து ஓடும் சிப்பு கிடைப்பது பாக்கியத்தைப் பொறுத்தது. அதற்கும் மேலே போனால் கண்ட்ரோலர் பாதிக்கு இறங்கிவிடுகிறது. இன்டெலிலும் இதே தத்துவம் கியர் 1, கியர் 2 என்ற பெயர்களில் வழங்குகிறது.

ரேம் அட்டையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறிய லேபிளைச் சற்று உற்றுப் பார்ப்போம். 6000 என்று ஒரு பெரிய எண், அதன் கீழே 30-36-36-76 என்று நான்கு எண்களின் வரிசை, கடைசியில் 1.35 வோல்ட். பெரிய எண்ணை எல்லோரும் படிக்கிறார்கள். வரிசையின் முதல் எண்ணைச் சிலரே படிக்கிறார்கள். சிஎல் எனப்படும் அந்த எண், தகவலைக் கேட்ட பிறகு எத்தனை துடிப்புகள் கழித்து அது வெளிப்படும் என்பதைக் காட்டுகிறது. அதை 2000-ஆல் பெருக்கி, பெரிய எண்ணால் வகுத்தால் தாமதம் நானோ விநாடியில் கிடைத்துவிடும். 6000-க்கு சிஎல் 30 என்றால் 10 நானோ விநாடி; அதே 6000-க்கு சிஎல் 36 என்றால் 12. டிடிஆர்4-3200 சிஎல் 16-க்கும் 10 நானோ விநாடிதான். டிடிஆர்4-3600 சிஎல் 18-க்கும் 10தான். இருபது வருஷங்களுக்கு முந்தைய டிடிஆர்-400 சிஎல் 2-க்கும் அதே 10தான். இத்தனை தலைமுறைகளில் ரேம் ஒரு நேரத்தில் அள்ளித் தரும் தகவலின் அளவு பன்மடங்கு பெருகியிருக்கிறதே ஒழிய, முதல் தகவல் வர ஆகும் காலம் அநேகமாக அப்படியே நிற்கிறது. ஆகையால் கடையில் இரண்டு ரேம்களை ஒப்பிடும்போது இந்தச் சிறிய வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்ப்பது, விளம்பரங்களைப் படிப்பதைக் காட்டிலும் எவ்வளவோ மேல்.

லேபிளில் அச்சிட்ட வேகம் தானாகக் கிடைத்துவிடாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ரேமைப் போர்டில் செருகியவுடன் அது குறைந்த, பொது நிர்ணய வேகத்தில்தான் ஓடும். போர்டின் அடிப்படை நிரலான பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் லேபிளின் வேகம் அமலுக்கு வருகிறது. பணம் கொடுத்து 6000 வாங்கி, வருஷக்கணக்கில் 4800-இல் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் அநேகம். அதோடு, நான்கு அட்டைகளைப் போடுவதைவிட இரண்டைப் போடுவதே உசிதம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அங்கீகரித்த வேகம் இரண்டு அட்டைகளுக்கு 5200, நான்கு அட்டைகளுக்கு 3600தான். பின்னால் இன்னும் இரண்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி இப்போது சிறிய அட்டைகளை வாங்குகிறவர்கள், அப்போது வேகத்தை இழக்க நேரிடும். 32 ஜிபி தேவையானால் இரண்டு 16 ஜிபி அட்டைகள் சேர்ந்து ஒரே பெட்டியில் வரும் ஜோடியை ஆரம்பத்திலேயே வாங்கிவிட வேண்டும். தனித்தனியே வாங்கிய இரண்டு அட்டைகள் பெயரில் ஒன்றாயிருந்தும் உள்ளே வேறு வேறு சிப்புகளைக் கொண்டிருக்கக்கூடும்.

வேகத்தைக் கூட்டும் முயற்சியில் எச்சரிக்கையோடு கையாள வேண்டிய பொருள் வோல்டேஜ். துடிப்பு கூடினால் உஷ்ணம் அதே விகிதத்தில் கூடுகிறது. வோல்டேஜ் கூடினாலோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் கூடுகிறது. 4.0 கிகாஹெர்ட்ஸை 4.4-க்கு உயர்த்த வேண்டி 1.2 வோல்டை 1.35 ஆக்கினால், கிடைத்த வேகம் நூற்றுக்குப் பத்து. செலவான மின்சாரமும் வெளியான உஷ்ணமும் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது அதிகம். உஷ்ணத்தைக் கூலர் வெளியேற்றிவிடும் என்றாலும், அதிக வோல்டேஜ் சிப்பின் நுண்ணிய உலோகப் பாதைகளை நாளடைவில் அரிப்பதை எந்தக் கூலரும் தடுப்பதில்லை. ரேமுக்காகச் செய்யும் ஏற்பாடு பிராசஸரையே பலி கொள்ளக்கூடும் என்பதை 2023 ஏப்ரலில் உலகம் பார்த்தது. எக்ஸ்போ அமைப்பைத் தேர்ந்தெடுத்தபோது சில மதர்போர்டுகள் பிராசஸருக்குள் இருக்கும் கண்ட்ரோலர் பகுதிக்கு மிதமிஞ்சிய வோல்டேஜைக் கொடுத்ததனால், ரைசன் 7000 பிராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகின. ஏஎம்டி அந்த வோல்டேஜை 1.3-க்கு மேல் போகாமல் பயாஸிலேயே கட்டுப்படுத்திற்று. அடுத்த வருஷம் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில, அதிக வோல்டேஜினால் நிலைகுலையத் தொடங்கி, திருத்திய மைக்ரோகோடு வெளியிடப்பட்டதும், உத்தரவாதம் இரண்டு வருஷம் நீட்டிக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். புதிய போர்டு வாங்கியவுடன் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இவற்றின் காரணமாகத்தான்.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு இன்று ஒருவர் எதை வாங்குவது? இன்டெல் பக்கம் போகிறவருக்குப் பிராசஸரின் மல்டிப்ளையரை மாற்ற 'கே' வகைப் பிராசஸரும் 'இசட்' வரிசைப் போர்டும் அவசியம். பி660, பி760 போர்டுகளில் ரேமின் வேகத்தை மட்டும் கூட்டலாம். ரைசனில் அநேகமாக எல்லாப் பிராசஸர்களின் மல்டிப்ளையரும் திறந்தே இருக்கிறது. பி650 போர்டே போதும். ஏ620-இல் ரேமை மட்டுமே கூட்ட முடியும். என் அபிப்பிராயத்தில், சாதாரண வரும்படியுள்ள ஒருவர் ரைசன் 7700 போன்ற நடுத்தரப் பிராசஸரையும், டிடிஆர்5-6000 சிஎல் 30 ஜோடியையும், நல்ல கூலரையும் வாங்குவது மிகவும் உசிதம். 7800எக்ஸ்3டி போன்ற பிராசஸர் வாங்குகிறவர் ரேமில் அவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை. அதற்குள் 96 மெகாபைட் கேஷ் இருப்பதனால் அது ரேமிடம் போய்க் கேட்கும் தருணங்களே குறைவு, அதன் மல்டிப்ளையரும் பூட்டப்பட்டது. இன்றைய பிராசஸர்கள் உஷ்ணத்தைத் தாமே கவனித்து வேகத்தைத் தாமே கூட்டிக்கொள்கின்றன; ஆகையால் மல்டிப்ளையரைக் கையால் உயர்த்துவதைவிட, ரைசனில் உள்ள கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதியைக் கொண்டு வோல்டேஜைப் படிப்படியாகக் குறைத்துவருவது அதிகப் பலன் தருகிறது. உஷ்ணம் தணியத் தணிய வேகம் தானே மேலே ஏறுகிறது.

வாங்கிப் பொருத்திய பிறகு செய்ய வேண்டிய சோதனையில் பொறுமை வேண்டும். டிடிஆர்5 அமைப்பில் எக்ஸ்போவை முதன்முதலாக இயக்கியதும், போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷங்கள் எடுத்துக்கொள்ளும். திரை இருண்டிருப்பதைக் கண்டு பயந்து மின்சாரத்தை நிறுத்திவிடக் கூடாது. பிராசஸரை அதன் இயல்பான வேகத்தில் விட்டுவிட்டு, முதலில் ரேமை மட்டும் மெம்டெஸ்ட்86+ கொண்டு ஓர் இரவு முழுவதும் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த அமைப்பைக் கைவிட வேண்டும். பிராசஸரின் பிழை பெரும்பாலும் கம்ப்யூட்டரை நிறுத்திவிடுகிறது. ரேமின் பிழையோ சத்தமின்றிக் கோப்புகளுக்குள் புகுந்து, குழந்தையின் புகைப்படத்தையும் கடையின் வரவுசெலவுக் கணக்கையும் ஒருவருக்கும் தெரியாமல் கெடுத்துவிடக்கூடியது. ரேம் தேறிய பிறகு பிராசஸரின் அமைப்பை மாற்றி, பிரைம்95-ஐ ஓட்ட வேண்டும். மாபெரும் பகா எண்களைத் தேடும் பொருட்டு ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய திட்டத்துக்கான அந்த நிரல், விடை முன்னமே தெரிந்த கணக்குகளைப் பிராசஸரிடம் கொடுத்து விடையை ஒப்பிடுவதால், நுட்பமான தவறும் அகப்பட்டுவிடுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், வரும் பிழை எதனுடையது என்று யாராலும் சொல்ல இயலாது.

சோதனை ஒரு தடவையோடு முடிந்துவிடுவதில்லை; ஏனென்றால் கூலரின் சாமர்த்தியம் அறையின் உஷ்ணத்துக்கு மேல் கணக்கிடப்படுவது. அறை 24 டிகிரியாக இருக்கும்போது 85-இல் நிற்கும் சிப், 36 டிகிரி அறையில் 97-ஐ நாடும். ரைசன் 7700-இன் எல்லையோ 95. ஆகவே நம் ஊரில் மார்கழியில் தேறிய அமைப்பைச் சித்திரையில் ஒரு தரம் மறுபடியும் சோதிக்க வேண்டியிருக்கிறது. அப்போது பிழை தென்பட்டால், குறைத்த வோல்டேஜை ஒரு படி உயர்த்தியும், ரேமை 6000-இலிருந்து 5800-க்கு இறக்கியும் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.